நீ யாருப்பா?

சொற்பொழிவு என்றாலே எனக்குத் தூக்கம்தான் ஞாபகம் வரும். பி.காம். படித்த மூன்று வருஷமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட சாம்பார் சாதம் இறங்குகிற நேரமாகப் பார்த்து, காஸ்ட் அக்கவுன்டிங் வைத்தார்கள். அந்தப் பேராசிரியர் குரலை டேப்பில் பதிவு செய்து மெடிக்கல் ஷாப்பில் விற்றிருந்தால் இந்நேரம் கோடீஸ்வரர்.

அதனால், போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நான் ஷேவ் செய்துகொண்டு, "யூனிவர்சிட்டில ஒரு லெக்சர், போயிட்டு வரேன்" என்று சொன்னபோது என் தர்மபத்தினி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எங்க போறீங்க?"

நான் சொன்னது உண்மைதான். எல்லாம் பாயால் வந்த வினை.

பாய் என் தண்டையார்பேட்டை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். (பெயர் போட வேண்டாம் என்று கண்டிஷன். வெறும் பாய்தான்.) ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷ சர்வீஸ். எந்தக் கப்பலில் என்ன சரக்கு, எந்தக் கன்டெய்னர் எந்த கேட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில். அவருடைய இன்கம்டாக்ஸ் ரிட்டர்னை வருஷா வருஷம் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். ஃபீஸ் ரொக்கமாக வராது. பக்ரீத் அன்று ஒரு தூக்குச் சட்டியில் வரும். நான் குறை சொன்னதில்லை.

அவருக்கு ஒரே பையன். பி.காம். (பாவம், நம்ம ஜாதி.) வயசு இருபத்துமூன்று. படிப்பு முடிந்து இரண்டு வருஷமாக அப்பாவின் ஆபீஸுக்கே எடுபிடியாகப் போய் வருகிறான். இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை, விசாவுக்கு ஒரு ஏஜென்ட், ஏஜென்ட்டுக்கு ஒன்றேகால் லட்சம் என்று பேச்சு. அந்தப் பணத்துக்காக வீட்டு நகை அடகுக் கடைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, யூனிவர்சிட்டில ஏதோ பேச்சாம். காலைல சரித்திரம், மத்தியானம் கவர்மென்ட் வேலையைப் பத்தி. இவன் தனியா போவமாட்டேங்கறான். நீங்க கூடப் போனீங்கன்னா போவான்" என்றார் பாய்.

"நான் எதுக்கு பாய்? முஸ்லிம் சரித்திரம்னு போட்டிருக்கு..."

"சமோசா குடுப்பாங்களாம்."

மேற்கொண்டு நான் வாதாடவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரில் ஓர் இஸ்லாமிய ஆய்வு மையம் இருக்கிறது. ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவர், 1955-ல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.ஈ.டி. பெண்கள் கல்லூரியை ஆரம்பித்து வைத்தவர். வரலாறு, பண்பாடு, படிப்பு, வேலை என்று பல்கலைக்கழகத்தில் நடக்கிற இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வாசலில் யாரும் உங்கள் மார்க் ஷீட்டைக் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். முன்பெல்லாம் இந்தப் பயணத்துக்கு பஸ்ஸில் போய், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்று, வயசாகி, பிறகு இறங்குவோம். 2021-ல் மெட்ரோ வந்ததிலிருந்து அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வரை ஒரே ஓட்டம். பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தான். மண்ணடி தாண்டும்போது கழற்றிவிட்டு, "அண்ணே, இதெல்லாம் வேஸ்ட். நமக்கெல்லாம் எவன் கவர்மென்ட் வேலை குடுப்பான்?" என்றான்.

"எத்தனை தடவை அப்ளிகேஷன் போட்டே?"

"போட்டதே இல்லண்ணே."

மறுபடி மாட்டிக்கொண்டான்.

அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா ரோட்டில் கடற்கரையைப் பார்த்து நடந்தோம். வாலாஜா என்பது ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டம். அவருக்காக 1768-ல் எழும்பியதுதான் சேப்பாக்கம் அரண்மனை. கடைசி நவாப் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டு, அரண்மனையையும் ஏலம் போட்டு அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அந்தத் தோட்டத்தில்தான் பிற்பாடு சிஸம் என்கிற வெள்ளைக்கார இன்ஜினீயர் பல்கலைக்கழகத்துக்கு செனட் ஹவுஸ் கட்டினார். 1874-ல் ஆரம்பித்து 1879-ல் முடித்தார்கள். பரீட்சை முடிவுகளுக்காகப் பல தலைமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் ஒரு காலத்தில் நவாப் உலாவிய தோட்டம்.

ஒரு வணிகவியல் பட்டதாரி என்ற முறையில் நவாபிடம் எனக்குத் தனி அனுதாபம் உண்டு. கம்பெனி ஆட்களிடமே கடன் வாங்கி, வட்டி கட்டக் கடன் வாங்கி, அந்த விவகாரம் லண்டன் பார்லிமென்ட் வரை போய் 1785-ல் எட்மண்ட் பர்க் நீளமாகப் பேசித் தீர்த்தார். கிரெடிட் கார்டு கண்டுபிடிக்கும் முன்பே மினிமம் டியூ கட்டிக் கெட்டவர் நம்ம நவாப்.

ஹாலில் ஏ.ஸி. உண்டு. முன் வரிசையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள், நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு நாலைந்து மாணவிகள், பின்னால் எங்களைப் போல் சமோசா கோஷ்டி. நான் வசதியாகச் சாய்ந்து, கண்ணை மூடுவதற்குத் தோதாக ஒரு தூண் மறைவைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு முதல் கேள்வி கேட்டார்:

"வட சென்னையிலிருந்து யாராவது வந்திருக்கீங்களா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் தூணைப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பேரும் கை தூக்கினோம்.

"தண்டையார்பேட்டை. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

ஸார், நான் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, ரேஷன் கார்டு, வோட்டர் ஐ.டி. எல்லாவற்றிலும் அந்தப் பேரை எழுதியவன். சின்ன வயதில் என் கணக்கு வாத்தியார், காலில் போடுகிற தண்டை செய்கிறவர்கள் இருந்த பேட்டை என்று சொல்லியிருந்தார். தைரியமாக அதை எடுத்து விட்டேன். ஹாலில் லேசாகச் சிரிப்பு. அசடு வழிய உட்கார்ந்தேன்.

அது தொண்டியார்பேட்டை என்பார்கள் என்றார் பேராசிரியர். ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு அருகே குணங்குடி என்று ஓர் ஊர். அங்கே 1792-ல் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதர். மார்க்கக் கல்வி எல்லாம் முடித்துவிட்டு, குடும்பம் வேண்டாம், கல்யாணம் வேண்டாம் என்று காடுமேடாகத் திரிந்து கடைசியில் நம்ம ராயபுரம் பக்கம் வந்து, புதர் மண்டிக் கிடந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தார். இறைவன் நினைப்பில் பித்தேறித் திரிந்ததால் ஜனங்கள் மஸ்தான் என்றார்கள். தொண்டிப் பக்கத்துக்காரர் என்பதால் தொண்டியார். 1838-ல் இறக்கும் வரை பாடிக்கொண்டே இருந்தார். தாயுமானவர் பாடிய மாதிரியே பராபரக் கண்ணி, மனோன்மணிக் கண்ணி என்று நல்ல தமிழில் பாடியிருக்கிறார். பாய்மார்கள் மட்டும் கொண்டாடவில்லை. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்கிற தமிழ்ப் புலவர் இவர் மேல் நான்மணிமாலையே பாடி வைத்திருக்கிறார். ஐயர், ஒரு முஸ்லிம் பக்கிரி மேல்! அவர் அடங்கிய தர்கா இன்றைக்கும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. நான் அந்த வழியாக ஆயிரம் தடவை போயிருக்கிறேன். பைக்கில்.

நான் தூணை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். பையன் காதில் மாட்டியிருந்தது எப்போதோ சட்டைப் பைக்குள் போயிருந்தது.

அதற்கப்புறம் பேராசிரியர் போனதெல்லாம் கடற்கரை ஓரமாகத்தான். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர். 'செத்தும் கொடுத்தான்' என்று நாம் பழமொழியாகவே ஆக்கிவிட்ட சீதக்காதி, கீழக்கரையில் கப்பல் வியாபாரம் செய்தவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். தமிழை அரபி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்ட அரபுத் தமிழ் என்று ஒரு சமாசாரம் உண்டாம். அரபியில் இல்லாத நம்ம எழுத்துக்களுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்தே செய்துகொண்டார்களாம். 'ழ'வை விட மனசு வரவில்லை பாருங்கள். நம்ம டி.வி. அறிவிப்பாளர்களுக்கு இதை ஒரு பாடமாகவே வைக்கலாம்.

பிறகு பெயர்களுக்கு வந்தார். மரைக்காயர் என்பது மரக்கலத்திலிருந்து வந்த பேர் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மரக்கலம் என்றால் கப்பல். லெப்பை என்பது 'இதோ வந்தேன்' என்கிற அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ராவுத்தர் என்றால் குதிரைக்காரர், குதிரை வீரர். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தனே என்று கூப்பிட்டிருக்கிறார், மயில் மேல் சவாரி செய்வதால்.

"வீட்ல அப்பாவை எப்படிக் கூப்பிடறாங்கன்னு கேளுங்க. வாப்பான்னா பெரும்பாலும் மரைக்காயர் வீடு, அத்தான்னா ராவுத்தர் வீடு" என்றார்.

நான் பையன் பக்கம் சாய்ந்து, "நீ எப்படிக் கூப்பிடுவே?" என்றேன்.

"டாடி" என்றான்.

சமோசா சுமார்தான். வெங்காய சமோசா என்று நம்பிப் போனேன், உருளைக்கிழங்கு. டீ நன்றாக இருந்தது.

இரண்டாவது பேச்சுக்கு வந்தவர் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. அவரிடம் புராணமெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் போர்டில் எண்களை எழுதினார். 2006-ல் சச்சார் கமிட்டி கொடுத்த அறிக்கை. அப்போதைய கணக்குப்படி நாட்டில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம். ஐ.ஏ.எஸ்.ஸில் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4. எழுதி முடித்து சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதைப் பார்த்துட்டு எல்லாரும் வருத்தப்படறாங்க. அதே அறிக்கைல இன்னொரு விஷயம் இருக்கு. பரீட்சை எழுதறவங்களே கம்மி. எழுதினவங்கள்ல தேர்றவங்க விகிதம் மத்தவங்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதைத்தான் யாரும் படிக்கிறதில்லை."

பையன் நெளிந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. (பார்த்திருந்தால் மெட்ரோவில் சொன்னதை ஞாபகப்படுத்திய மாதிரி ஆகியிருக்கும்.)

நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதி வரை வந்ததையும், அதே மனிதர் கம்பராமாயணத்தில் கரை கண்டு சென்னைக் கம்பன் கழகத்தை உண்டாக்கியதையும் சொன்னார். அப்புறம் தமிழ்நாட்டு விஷயம். 2007-ல் வந்த சட்டப்படி பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளேயே முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி. நூற்றுக்கு மூன்றரை என்றால் அந்த அரை ஆளை எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இருநூறு இடத்துக்கு ஏழு என்று அவரே கணக்கைச் சொல்லிவிட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "முஸ்லிம்னு சொன்னா மட்டும் போதாது. பட்டியல்ல ஏழு பேர் இருக்கு. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது. லெப்பைக்குள்ளேயே ராவுத்தர், மரைக்காயர் சேர்த்தி. வீட்ல பேசறது தமிழானாலும் உருதுவானாலும் சரி. சர்ட்டிபிகேட்ல இதுல ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா பொதுப் போட்டிதான். இங்க இருக்கற பசங்கள்ல எத்தனை பேர் கைல சர்ட்டிபிகேட் இருக்கு?"

மாணவிகள் எல்லோரும் கை தூக்கினார்கள். பையன்களில் பாதி. நம்ம பையன் தூக்கவில்லை. அதிகாரியின் விரல் நேராக அவனிடம் வந்தது.

"நீ யாருப்பா?"

"முஸ்லிம், ஸார்."

"அது மார்க்கம். நான் கேட்டது பட்டியல்ல எந்தப் பேருன்னு."

"தெரியாது, ஸார்."

யாரோ சிரித்தார்கள். காலையில் எனக்குச் சிரித்த மாதிரிதான் சிரித்தார்கள். ஆனால் எனக்குப் போனது ஒரு ஊர்ப் பேர். இவன் காது மடல் சிவந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. "உட்காரு. வீட்டுக்குப் போய்ப் பெரியவங்களைக் கேளு. கேட்டுட்டு எனக்கு ஒரு போன் போடு" என்று தன் நம்பரைச் சொன்னார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்டையார்பேட்டை என்று ஒலிபெருக்கி சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

அன்று சாயங்காலமே பாய் வீட்டில் விசாரணைக் கமிஷன். பாய்க்கு முதலில் கோபம். "நாம எல்லாரும் ஒண்ணுன்னுதான் தம்பி மார்க்கம் சொல்லுது. ஒரே வரிசைல தோளோட தோள் நின்னு தொழறோம். நீ லெப்பையா, நீ ராவுத்தரான்னு நானே கேட்டு, நானே எழுதிக் குடுக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தான். இன்ன சாதி என்று கேட்பதே தப்பு என்று நாமும் மேடையில் பேசுகிறோம். பிறகு ஃபாரத்தில் மூன்றாவது காலமே அதுதான்.

கொஞ்சம் ஆறிய பிறகு உண்மை வெளியே வந்தது. பையன் பிளஸ் டூ முடித்த சமயத்தில் பாய் சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு ஆபீஸில் ஏறி இறங்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பேப்பரில் வெறுமே முஸ்லிம் என்றிருக்கிறது, உட்பிரிவைக் காணோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் லீவு போட்டு அலைந்தவர் நாலாவது நாள் 'போய்யா' என்று விட்டுவிட்டார். பையனுக்கு அது தெரியாது. 'எவன் குடுப்பான்' என்கிற வசனத்தின் பிறப்பிடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"உங்க அப்பாவை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க, பாய்?" என்றேன், பேராசிரியர் தோரணையில்.

"அத்தான்னுதான்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். உள்ளேயிருந்து பாயின் தாயார் வந்தார். எண்பத்திரண்டு வயது. பையனுக்கு நன்னி. காது கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் துல்லியம். விஷயத்தை அவர் காதில் சத்தமாகப் போட்டோம். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நாம யாரா? உத்தமபாளையத்து ராவுத்தரு. இதென்னடா கேள்வி!" என்றார், நான் என்னவோ சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டுவிட்ட மாதிரி.

நாற்பது வருஷமாக ஹார்பரில் எந்தக் கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ரிஜிஸ்தரில் எழுதுகிற வீட்டில், தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது கிழவி ஒருத்தி ஞாபகத்தில் மட்டும் இருந்திருக்கிறது. (முப்பது வருஷம் என்று மேலே சொன்னேன். பாயின் அத்தாவும் ஹார்பரில் பத்து வருஷம் இருந்தாராம், அதையும் கூட்டியிருக்கிறேன்.)

வாய் வார்த்தை போதாதே. கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுத்தோம். பாச்சை உருண்டை வாசனை. பழைய கல்யாணப் பத்திரிகை, காலாவதியான பாஸ்போர்ட், யாருடையதோ மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு கிரயப் பத்திரம். ஊரில் இருந்த கால் காணியை விற்றது. விற்றவர் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் 'ராவுத்தர்'. அவர் தகப்பனார் பெயருக்குப் பின்னாலும் 'ராவுத்தர்'. பையன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். மடிப்பில் கிழிந்துவிடும் என்று பயம்.

அதிகாரிக்குப் போன் போட்டோம். துணை ஆவணமாக வைக்கலாம், ஊர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் யாராவது சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தால் அதன் நகலையும் சேர், விசாரிக்க வருகிறவரிடம் நன்னியையே பேசச் சொல், முடிவு அவர்கள் கையில் என்றார். உத்தமபாளையத்தில் பாயின் பெரியப்பா பேரன் ஒருவர் வாத்தியாராக இருக்கிறாராம். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போன தகராறு. பாய் அன்றைக்குப் போன் செய்தார். மறுநாளே வாட்ஸ்அப்பில் நகல் வந்துவிட்டது. கூடவே, எப்போது ஊருக்கு வருகிறீர்கள் என்று ஒரு வரி.

இ-சேவை மையத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. சர்ட்டிபிகேட் இன்னும் வரவில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் புத்தகம் வாங்கிவிட்டான். பொது அறிவில் என்னைக் கேள்வி கேட்டு மானத்தை வாங்குகிறான். ஷார்ஜா ஏஜென்ட்டுக்கு, பரீட்சை ரிசல்ட் வரும் வரை பொறு என்று பாய் சொல்லியிருக்கிறார். நகை பீரோவிலேயே இருக்கிறது. பரீட்சை தேறாவிட்டால் ஷார்ஜாதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நன்னி வாசலில் உட்கார்ந்திருந்தார். பையன் உள்ளே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் சொன்ன கதையை, ராவுத்தர் என்றால் குதிரைக்காரர் என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏம்ப்பா, இவன் பரீட்சையில பாஸாயிட்டா கவர்மென்ட்ல குதிரை குடுப்பாங்களா?"

"பஸ் பாஸ் குடுத்தாலே பெரிசு, பாட்டிம்மா" என்றேன்.